போதை மீட்பில் குதிரைத்துணைச் சிகிச்சை

குதிரைத்துணைச் சிகிச்சை என்பது, பயிற்சி பெற்ற மனநல வல்லுநர் ஒருவர், குதிரையோடு பழகுவதையும் அதற்கான பணிகளைச் செய்வதையும் வாயிலாகக் கொண்டு நடத்தும் உளவியல் சிகிச்சை முறை ஆகும். மதுவுக்கும் பிற போதைப்பொருட்களுக்கும் அடிமையானோரின் மீட்புச் சிகிச்சையில் இது ஒரு துணை முறையாகச் சில நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. நோர்வேயில் அரசு மருத்துவமனையிலும், கனடாவில் பழங்குடி இளையோருக்கான மையத்திலும், ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் மீட்பு மையங்களிலும் இது நடைபெற்றுள்ளது.

பெயரைக் கேட்டவுடன் குதிரைச் சவாரி நினைவுக்கு வந்தாலும், இச்சிகிச்சையின் பெரும்பகுதி தரையில் நின்றபடியே நடைபெறுகிறது. குதிரையை அணுகுதல், தேய்த்துவிடுதல், தலைக்கயிறு பிடித்து நடத்துதல், தீவனம் இடுதல், லாயத்தைத் தூய்மை செய்தல் ஆகியவையே இதன் அடிப்படைப் பணிகள்.

இது போதைச் சார்பைத் தன்னந்தனியே குணப்படுத்தும் முறை அன்று. நோயாளிகள் சிகிச்சையை இடையில் கைவிடாமல் தொடர்வதற்கு இது உதவக்கூடும் என்பதே இதன் சார்பில் முன்வைக்கப்படும் முதன்மையான கருத்தாகும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. அதே மருத்துவமனையில் சீட்டுக் குலுக்கல் முறையில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு அதனை உறுதிப்படுத்தவில்லை.

பெயர்களும் வகைகளும்

குதிரையைப் பயன்படுத்தும் பல்வேறு முறைகள் பொதுவழக்கில் ஒரே பெயரால் அழைக்கப்படுவதால் குழப்பம் ஏற்படுகிறது. அவற்றைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

* ஹிப்போதெரபி: குதிரை என்னும் பொருள் தரும் 'ஹிப்போஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். இதில் குதிரையின் நடை அசைவு, அதன் மேல் அமர்ந்திருப்பவரின் உடலுக்கு ஒரு பயிற்சியாக அமைகிறது. இயன்முறை மருத்துவர், தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோர் இதனை நடத்துவர். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு இது பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.
* தகவமைப்புக் குதிரையேற்றம்: மாற்றுத்திறனாளிகள் தம் நிலைக்கேற்பக் குதிரையேற்றம் கற்பது. இது விளையாட்டு அல்லது பொழுதுபோக்கு ஆகும், சிகிச்சை அன்று.
* குதிரைவழிக் கற்றல்: பொறுப்புணர்வு, கூட்டுப்பணி முதலிய வாழ்க்கைத் திறன்களைக் கற்பிப்பது. இதனை நடத்துபவர் மனநல வல்லுநராக இருக்க வேண்டியதில்லை.
* குதிரைத்துணை உளச்சிகிச்சை: உரிமம் பெற்ற மனநல வல்லுநர் ஒருவர், வரையறுக்கப்பட்ட சிகிச்சை நோக்கங்களுடன் நடத்துவது. போதை மீட்பில் பயன்படுவது பெரும்பாலும் இவ்வகையாகும்.

குதிரைகளை உள்ளடக்கிய சேவைகளுக்கான கலைச்சொற்களைச் சீர்செய்ய ஐக்கிய அமெரிக்காவில் 2021இல் ஓர் உடன்பாட்டு ஆவணம் வெளியிடப்பட்டது. 'குதிரைச் சிகிச்சை' என்ற பொதுப்பெயரைக் கைவிட்டு, எந்தத் துறை வல்லுநர் எந்தச் சிகிச்சையை அளிக்கிறார் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சிகிச்சை அளிப்பவர் மனிதரே என்பதும், குதிரை அதற்குத் துணை மட்டுமே என்பதும் இப்பரிந்துரையின் உட்பொருளாகும். இக்கட்டுரையில் 'துணை' என்னும் சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது.

வரலாறு

குதிரையிடம் சினத்துடன் நடந்துகொள்ளக் கூடாது என்பது பழைய அறிவுரை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் செனபோன், குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் இதனை வலியுறுத்தினார். எனினும் அது குதிரைப் பயிற்சிக்கான அறிவுரையே ஒழிய, மனிதருக்கான மருத்துவம் அன்று.

விலங்குகளை மனநலப் பராமரிப்பில் ஈடுபடுத்தியதற்கு இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் திறக்கப்பட்ட 'ரிட்ரீட்' என்னும் இல்லம் முன்னோடியாகக் காட்டப்படுகிறது. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டியூக் நிறுவிய இவ்வில்லத்தின் முற்றங்களில் முயல், கோழி முதலிய சிற்றுயிர்கள் வளர்க்கப்பட்டன. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பது இயல்பாக இருந்த காலத்தில், ஓர் உயிரைப் பேணும் பொறுப்பு அவர்களிடம் அளிக்கப்பட்டது. 1960களில் அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் நாய் அறையில் இருக்கும்போது பேசாத குழந்தையும் பேசத் தொடங்குவதைக் கண்டு, விலங்குத்துணைச் சிகிச்சை குறித்து முறையாக எழுதினார்.

குதிரையைப் பொறுத்தவரை, டென்மார்க் நாட்டு வீராங்கனை லிஸ் ஹார்ட்டெலின் வாழ்க்கை ஒரு திருப்புமுனையாக அமைந்தது. 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவர், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் குதிரை ஒழுங்குநடைப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பிறர் உதவியின்றிக் குதிரையில் ஏறவோ இறங்கவோ அவரால் இயலாது. அவரது வெற்றிக்குப் பின் ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றம் பரவியது. பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் 1969இலும், மேற்கு ஜெர்மனியில் 1970இலும் இதற்கான தேசிய அமைப்புகள் தோன்றின. வட அமெரிக்க அமைப்பு 2011 முதல் 'பாத் இன்டர்நேஷனல்' என்ற பெயரில் இயங்குகிறது.

இவையெல்லாம் உடலை நோக்கமாகக் கொண்டவை. மனத்தை நோக்கமாகக் கொண்ட முறை தனியாக உருப்பெற்றது 1990களில்தான். 1999இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கப்பட்ட 'ஈகாலா' என்னும் அமைப்பு, சவாரியை முற்றிலும் விலக்கிய ஒரு செயல்முறையை வகுத்தது. மனநல வல்லுநர் ஒருவர், குதிரை வல்லுநர் ஒருவர், குதிரைகள் ஆகியோர் கொண்ட குழு நோயாளியுடன் பணிபுரிய வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் பல நாடுகளில் தோன்றிய செயல்முறைகளுக்கு இது முன்மாதிரியாக அமைந்தது.

குதிரையின் இயல்பு

நாயும் பூனையும் இருக்க, ஏன் குதிரை என்ற வினா எழுவது இயல்பு. இதற்கான விடை குதிரையின் உயிரியலில் உள்ளது.

நாயும் பூனையும் வேட்டையாடும் விலங்கினத்தின் வழிவந்தவை. குதிரையோ வேட்டையாடப்படும் விலங்கு. எனவே சுற்றுப்புறத்தை இடைவிடாமல் கவனிப்பது அதன் பிறவிக் குணம். தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் பார்க்க இயலும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டுமே சிறு மறைவுப் பகுதிகள் உண்டு. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பக்கூடியவை. மந்தையாக வாழும் விலங்காதலால், அருகிலுள்ள மற்றொரு குதிரையின் உடல் இறுக்கத்தையும் அதனால் விரைந்து உணர முடிகிறது.

மனிதரின் உணர்ச்சிகளையும் குதிரை ஓரளவு அறிகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் ஒளிப்படங்கள் காட்டப்பட்டன. சினம் கொண்ட முகத்தைக் கண்டபோது அவற்றின் இதயத்துடிப்பு விரைவாக உயர்ந்தது. அம்முகத்தை அவை இடக்கண்ணால் பார்க்க முற்பட்டன. அச்சுறுத்தும் பொருட்களைப் பல விலங்குகள் இடக்கண்ணால் பார்ப்பது முன்பே அறியப்பட்ட ஒன்றாகும்.

குதிரையின் பருமனும் ஒரு காரணி. சவாரிக் குதிரைகள் பொதுவாக 400 முதல் 600 கிலோகிராம் வரை எடையுள்ளவை. அவ்வளவு பெரிய விலங்கை வலுவால் இழுத்துச் செல்ல இயலாது. அதட்டினால் அது விலகும், தயங்கினால் நின்றுவிடும். தெளிவும் அமைதியும் கொண்டு நடப்பவரை அது பின்தொடர வாய்ப்பு மிகுதி. அதாவது, ஒருவரின் உடல்மொழிக்கு உடனடியான, முகத்தாட்சணியம் இல்லாத பின்னூட்டம் கிடைக்கிறது. போதைச் சார்பால் உறவினர், முதலாளி, காவலர், மருத்துவர் எனப் பலரிடமும் உண்மையை மறைத்துப் பேசிப் பழகியவருக்கு, சொற்கள் செல்லுபடியாகாத இவ்வுறவு புதிதாக இருக்கும் என்பது இச்சிகிச்சையை நடத்துவோரின் கருத்து. குதிரைக்கு அவரது கடந்த காலம் தெரியாது என்பதும் இங்கு முக்கியமாகும்.

கெட்டிக்கார ஹான்ஸ்

குதிரையின் இந்த ஆற்றலைப் பற்றிப் பேசும்போது 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்னும் ஜெர்மானியக் குதிரையின் வரலாற்றைத் தவிர்க்க இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபொன் ஓஸ்டன் என்பவர், தம் குதிரை கணக்குப் போடும் என்று காட்டினார். வினாவைக் கேட்டதும் அது குளம்பால் தரையைத் தட்டி, சரியான எண்ணிக்கையில் நிறுத்தியது. 1904இல் ஆராய்ந்த ஒரு குழு, ஏமாற்று வேலை ஏதும் இல்லை என்று அறிவித்தது.

பின்னர் உளவியலாளர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் நுட்பமாகச் சோதித்து, தம் முடிவுகளை 1907இல் வெளியிட்டார். வினா கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவர் குதிரையின் பார்வைக்கு மறைவாக இருந்தபோதும் ஹான்ஸ் தவறியது. சரியான எண் வரும்போது கேட்பவர் தம்மை அறியாமலேயே தலையை மிகச் சிறிதளவு நிமிர்த்துவதையே குதிரை கவனித்து வந்தது.

இந்நிகழ்வு இரண்டு பாடங்களைத் தருகிறது. மனிதர் தாமே அறியாத உடல் அசைவுகளைக் குதிரை அறிகிறது என்பது முதலாவது. குதிரைத்துணைச் சிகிச்சையின் அடிப்படை இதுவே. உண்மையாக நம்புகின்ற, நேர்மையான மனிதர்களும் தாம் காண விரும்புவதையே காண்பார்கள் என்பது இரண்டாவது. இச்சிகிச்சையின் பயனை மதிப்பிடுவோர் இப்பாடத்தையும் மறக்கலாகாது.

போதைச் சார்பும் சிகிச்சை இடைவிலகலும்

போதைச் சார்பு என்பது நீடித்த, மீண்டும் தலைதூக்கும் தன்மையுள்ள நோய்நிலையாக மருத்துவத்தில் கருதப்படுகிறது. இதன் சிகிச்சையில் முதற்கட்டம் நச்சுநீக்கம். அடுத்து ஆற்றுப்படுத்தல், உளச்சிகிச்சை, மருந்துகள், குடும்பத்தாரின் ஈடுபாடு, சமூக மறுவாழ்வு ஆகியவை தொடர்கின்றன. நோயாளிகளில் பலர் சிகிச்சையை இடையில் கைவிடுவதே உலகெங்கும் இத்துறையின் பெரிய சிக்கலாக உள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் சார்பு ஆய்வு நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டியில், 90 நாட்களுக்குக் குறைந்த தங்கிச் சிகிச்சையால் கிடைக்கும் பயன் மிகவும் குறைவு என்று குறிப்பிட்டது. இளம் வயதினர் இடைவிலகும் வாய்ப்பு மேலும் அதிகம்.

அபினி வகைப் பொருட்களைப் பொறுத்தவரை இடைவிலகல் உயிருக்கே ஆபத்தானது. சில வாரங்கள் அப்பொருளை உட்கொள்ளாமல் இருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். சிகிச்சையை விட்டு வெளியேறியவர் முன்பு பழகிய அதே அளவை மீண்டும் எடுத்துக்கொண்டால் மூச்சு அடங்கி இறக்க நேரிடலாம். ஆகவே, ஒருவரைச் சிகிச்சையில் நிலைக்கச் செய்யும் எந்த முறையும், அது நேரடியாக நோயைக் குணப்படுத்தாவிடினும், கவனத்துக்குரியதாகிறது. குதிரைத்துணைச் சிகிச்சை போதை மீட்புக்குள் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே வலுவான காரணம்.

ஓர் அமர்வின் அமைப்பு

நடைமுறை மையத்துக்கு மையம் வேறுபட்டாலும், பொதுவான அமைப்பு பின்வருமாறு இருக்கும்.

# தொடக்கம்: நோயாளியும் சிகிச்சையாளரும் அன்றைய மனநிலை குறித்துச் சுருக்கமாகப் பேசுவர். பாதுகாப்பு விதிகள் நினைவூட்டப்படும்.
# அணுகுதல்: குதிரையின் மறைவுப் பகுதிகளைத் தவிர்த்து, தோள் பக்கமாக மெல்ல அணுக வேண்டும். குதிரை விலகினால் துரத்தாமல் நின்று, மூச்சை நிதானப்படுத்தி, மீண்டும் முயல வேண்டும்.
# பேணுதல்: குரப்பம் கொண்டு உடலைத் தேய்த்து, பிடரி மயிரைச் சீவி, குளம்புகளைத் தூக்கிச் சுத்தம் செய்தல். குளம்பைத் தூக்குவதற்குக் குதிரை தன் எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்ற வேண்டும். அது இசைந்தாலன்றி இப்பணி நடவாது.
# பணி: தலைக்கயிறு பிடித்துத் தடைகளினூடே நடத்துதல், கயிறின்றியே பின்தொடரச் செய்தல் முதலியன. சில மையங்களில் சவாரியும் உண்டு.
# உரையாடல்: நடந்தவற்றைப் பற்றிச் சிகிச்சையாளர் வினவுவார். குதிரை நின்றபோது என்ன தோன்றியது, சினம் வந்ததா, விட்டுவிடலாம் என்று எண்ணியதுண்டா, வீட்டில் இப்படி நேர்ந்துள்ளதா என்பன போன்ற வினாக்கள் எழும்.

ஐந்தாம் படியே உளச்சிகிச்சை ஆகும். அஃதின்றேல் மற்றவை லாயப் பணிகளாகவே நின்றுவிடும்.

ஈகாலா முறையில், குழுவினர் குதிரையின் நடத்தையை உற்றுநோக்க ஒரு வரிசை கற்பிக்கப்படுகிறது. நடத்தையில் ஏற்படும் மாற்றம், திரும்பத் திரும்ப நிகழும் ஒழுங்கு, வழக்கத்துக்கு மாறான செயல், சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள முரண் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவதாக, உற்றுநோக்குபவர் தம் சொந்த விருப்பு வெறுப்புகள் எங்கே கலக்கின்றன என்பதையும் கவனிக்க வேண்டும்.

கருதப்படும் பயன்கள்

இச்சிகிச்சை எவ்வாறு செயல்படக்கூடும் என்பதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன.

* ஒழுங்கு: குதிரைக்கு வேளை தவறாமல் தீவனமும் நீரும் தேவை. போதையால் இரவு பகல் குழம்பியவருக்கு இது நாள் ஒழுங்கை மீட்டுத் தருகிறது.
* உடலுழைப்பு: லாயப் பணி உடலை வருத்துவது. உறக்கத்துக்கும் பசிக்கும் இது உதவுகிறது.
* திறமையுணர்வு: அஞ்சிய ஒரு விலங்கை நடத்திச் செல்லக் கற்றவருக்கு, போதையின் துணையின்றித் தாம் ஒன்றைச் சாதித்த பட்டறிவு கிடைக்கிறது.
* அடையாளம்: சிகிச்சை அறையில் அவர் 'நோயாளி', லாயத்தில் அவர் ஒரு குதிரையைப் பேணுபவர்.
* உணர்ச்சி மேலாண்மை: பதற்றத்தைப் போதையால் அடக்காமல், மூச்சாலும் உடல் நிதானத்தாலும் தணிக்கப் பழகுதல்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்களிடையே நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வொன்றில், 11 வாரக் குதிரைவழிக் கற்றலில் பங்கேற்றவர்களிடம், மனஅழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் என்னும் இயக்குநீரின் அளவு குறைவாகக் காணப்பட்டது. இவர்கள் போதைச் சார்பு உடையவர்கள் அல்லர் என்பதால், இம்முடிவை நேரடியாக மீட்புச் சிகிச்சைக்குப் பொருத்த இயலாது.

ஒஸ்லோ ஆய்வுகள்

நோர்வேயில் 2004இல் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தத்தின் மூலம் போதைச் சார்புச் சிகிச்சை அரசின் சிறப்பு மருத்துவச் சேவையின் பகுதியானது. சார்புடையோர் சட்டப்படி நோயாளிகளுக்குரிய உரிமைகளைப் பெற்றனர். இப்பின்னணியில் ஒஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் இளையோருக்கான போதைச் சிகிச்சைப் பிரிவில் குதிரைத்துணைச் சிகிச்சை ஒரு துணை முறையாக அளிக்கப்பட்டது. வருவாய் நோக்கமற்ற ஒரு பொது மருத்துவமனை இதனை ஆராய்ந்தமையால் இவ்வாய்வுகள் சிறப்பிடம் பெறுகின்றன.

2015இல் வெளியான முதல் ஆய்வில் 108 நோயாளிகளின் பதிவுகள் ஆராயப்பட்டன. குதிரைத்துணைச் சிகிச்சையில் பங்கேற்ற 65 பேரில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் சிகிச்சையை முழுமையாக முடித்தனர். பங்கேற்காத 43 பேரில் முடித்தவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. சிகிச்சையில் தங்கிய சராசரிக் காலம் முன்னவர்க்கு 141 நாட்கள். பின்னவர்க்கு 70 நாட்கள்.

வேறுபாடு பெரியதுதான். ஆனால் யார் லாயத்துக்குச் செல்வது என்பது சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படவில்லை. இத்தகைய ஒப்பீட்டில், ஊக்கம் மிகுந்தவர்களே லாயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்ற ஐயம் எப்போதும் எஞ்சும். முதல் வாரத்திலேயே வெளியேறியவர் லாயத்தை எட்டியிருக்கவும் வாய்ப்பில்லை. அவ்வாறாயின், குதிரையால் அவர்கள் தங்கினார்களா, அல்லது தங்கக்கூடியவர்கள் குதிரையிடம் சென்றார்களா என்பது தெளிவாகாது.

2016இல் அதே குழுவினர், பங்கேற்ற நோயாளிகளை நேர்கண்டு இரண்டு கட்டுரைகளை வெளியிட்டனர். லாயம் வழக்கமான சிகிச்சைக்கு நடுவே கிடைத்த வெறும் இடைவேளை அன்று என்று நோயாளிகள் கூறினர். அங்குத் தாங்கள் பயனுள்ளவர்களாகவும், பொறுப்புள்ளவர்களாகவும், ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களாகவும் உணர்ந்ததாக அவர்கள் விவரித்தனர்.

முதல் ஆய்வின் ஐயத்தைத் தீர்க்க, அடுத்த ஆய்வு சீட்டுக் குலுக்கல் முறையில் நடத்தப்பட்டு 2020இல் வெளியானது. 37 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையுடன் குதிரைத்துணைச் சிகிச்சையும், மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே அளிக்கவும் திட்டமிடப்பட்டது. சிகிச்சையில் தங்கிய காலத்திலும், அதனை முடித்தோர் அளவிலும் புள்ளியியல் அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

இதனைப் பொருள்கொள்வதில் கவனம் தேவை. 37 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நடுத்தரமான பயன் ஒன்று இருந்திருந்தாலும் இவ்வளவு சிறிய ஆய்வில் அது வெளிப்படாமல் போகலாம். எனவே பயனில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகக் கூற இயலாது. அதே வேளையில், 2015ஆம் ஆண்டின் எண்களை மட்டும் எடுத்துக்காட்டி, பயன் உறுதியானது என்று விளம்பரம் செய்வதும் முறையன்று.

கனடா

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள நிம்கி நூபிககவன் மையம், பசை, பெட்ரோல் போன்றவற்றின் ஆவியை முகரும் பழக்கத்துக்கு ஆட்பட்ட பழங்குடி இளையோருக்குச் சிகிச்சை அளிக்கும் நிறுவனமாகும். அங்கு நடைபெற்ற குதிரைவழிக் கற்றல் குறித்து, சஸ்காச்சுவான் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோலீன் டெல் உள்ளிட்டோரின் ஆய்வு 2011இல் வெளியானது.

இங்கு அணுகுமுறை வேறுபட்டது. வட அமெரிக்கப் பழங்குடியினர் பலரின் பண்பாட்டில் குதிரை ஒரு கருவி அன்று, மதிப்புக்குரிய உயிர். ஆகவே குணமாதல் என்பதை உடல், உள்ளம், ஆன்மா, சமூகம் ஆகியவை இணைந்த நலமாக அம்மையம் நோக்கியது. குதிரையுடன் தொடுதல், பேசுதல், பிணைப்பு கொள்ளுதல் ஆகியவை இளையோருக்கு ஒரு பாதுகாப்பான வெளியை அளித்ததாக ஆய்வாளர்கள் எழுதினர். பண்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்டதே இச்சமூகங்களின் போதைச் சிக்கலுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுவதால், பண்பாட்டோடு மீண்டும் இணைவதும் சிகிச்சையின் பகுதியாகிறது. இவ்வாய்வு அனுபவ விவரிப்பு ஆகும். பயன் அளவீடு அன்று.

திறனாய்வு

2014இல் அமெரிக்க உளவியலாளர்கள் குழுவொன்று, மனநோய்களுக்கான குதிரைவழிச் சிகிச்சைகள் குறித்து அதுவரை வெளியான 14 ஆய்வுகளை மதிப்பிட்டது. போலி அறிவியலை எதிர்த்து எழுதிவந்த ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அக்குழுவில் இருந்தார். எல்லா ஆய்வுகளிலும் கடுமையான குறைகள் இருப்பதாகவும், சான்று கிடைக்கும்வரை இச்சிகிச்சைகளைப் பரப்புவதை நிறுத்த வேண்டும் என்றும் அது முடிவு செய்தது. சுட்டப்படும் குறைகளுள் முதன்மையானவை:

* ஒப்பீட்டுக் குழு இல்லாமை அல்லது பொருத்தமற்ற ஒப்பீடு.
* புதுமை விளைவு: மருத்துவமனை அறைக்கு வெளியே, திறந்த வெளியில் நடக்கும் எதுவும் சில காலம் மகிழ்ச்சி தரும்.
* எதிர்பார்ப்பு விளைவு: பயன் கிடைக்கும் என்று நம்பும் நோயாளியும் சிகிச்சையாளரும் பயனைக் காண்பர். குதிரை இருப்பதை மறைத்து ஆய்வு நடத்த வழியில்லை.
* கூறுகளைப் பிரிக்க இயலாமை: பயன் தந்தது குதிரையா, உடலுழைப்பா, இயற்கைச் சூழலா, சிகிச்சையாளரின் கவனமா என்பது தெரிவதில்லை.

ஆதரவாளர்கள் இதற்கு மறுமொழியாக, சான்று இல்லாமை வேறு, பயன் இல்லாமை வேறு என்கின்றனர். நோயாளிகளின் நேர்காணல்களில் ஒரே வகையான அனுபவங்கள் திரும்பத் திரும்ப வருவதையும் சுட்டுகின்றனர். குதிரைகளைப் பராமரிக்கும் செலவாலும், மையங்கள் சிறியனவாக இருப்பதாலும் பெரிய ஆய்வுகளை நடத்துவது கடினமாக உள்ளது.

பாதுகாப்பு

குதிரை அமைதியானதாயினும் அஞ்சியவுடன் உதைக்கவோ ஓடவோ கூடியது. தலைக்கவசமும் மூடிய காலணியும் அடிப்படைத் தேவைகள். லாய மண்ணில் ஏற்புவலி நோய்க் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அதற்கான தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும். ஈழை நோய் அல்லது விலங்கு மயிர் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

போதை மீட்புக்கே உரிய எச்சரிக்கைகளும் உண்டு. மதுவைத் திடீரென நிறுத்தியவருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு ஏற்படலாம்; அதன்பின் சித்தப்பிரமையும் நடுக்கமும் தோன்றலாம். எனவே நச்சுநீக்கம் முடிந்து உடல்நிலை சீரடைந்த பின்னரே லாயத்துக்கு அனுப்ப வேண்டும். விலங்குகளைத் துன்புறுத்திய வரலாறு உள்ளவர்களைத் தனியே மதிப்பிட வேண்டும். கால்நடை மருத்துவத்தில் குதிரைகளுக்கு மயக்கமருந்தாகப் பயன்படும் கெட்டமின், போதைக்காகவும் தவறாகப் பயன்படுத்தப்படுவதால், அத்தகைய மருந்துகளை லாயத்தில் வைத்தல் ஆகாது. வைக்க நேரின் பூட்டி வைக்க வேண்டும்.

குதிரைகளின் நலன்

சிகிச்சையில் ஈடுபடும் குதிரையின் நலனும் கருதத்தக்கது. மனித-விலங்கு உறவு அமைப்புகளின் பன்னாட்டுச் சங்கம் 2014இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வெள்ளை அறிக்கை, விலங்கின் உடல்நலம், ஓய்வு, பணிநேர வரம்பு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. காதுகளைப் பின்னோக்கி மடக்குதல், வாலைச் சுழற்றுதல், பல்லைக் கடித்தல் ஆகியவை குதிரையின் மனக்குறையைக் காட்டும் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் அமர்வை நிறுத்துவது குதிரை வல்லுநரின் கடமை. விலகிச் செல்லும் உரிமை குதிரைக்கு இல்லையெனில், அது தரும் பின்னூட்டத்துக்கும் பொருள் இல்லாமற் போகும்.

மீட்புச் சிகிச்சையில் இதன் இடம்

போதைச் சார்புக்குப் பயன் மெய்ப்பிக்கப்பட்ட மருந்துகள் உள்ளன. அபினி வகைச் சார்புக்கு மெத்தடோன், புப்ரெநார்ஃபின் ஆகியவை இறப்பைக் குறைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரண்டையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. மதுச் சார்புக்கு நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட், டைசல்பிராம் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுக்கும் முறையான உளச்சிகிச்சைக்கும் மாற்றாகக் குதிரைத்துணைச் சிகிச்சையைக் கொள்ளுதல் தவறாகும்.

ஒரு மையத்தைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தார் சிலவற்றைக் கேட்டறிதல் நன்று. அமர்வை நடத்துபவர் தகுதி பெற்ற மனநல வல்லுநரா? மருந்துச் சிகிச்சை அங்கு மறுக்கப்படுகிறதா? குதிரைகளுக்குத் தனி வல்லுநர் உள்ளாரா? நோயாளி வெளியேறிய பின் தொடர் கவனிப்பு உண்டா? குதிரைகளின் அழகிய ஒளிப்படங்கள் இவ்வினாக்களுக்கு விடையாகா. இவற்றுக்குத் தக்க விடை அளிக்கும் இடத்தில், லாயத்துக்குச் செல்ல விரும்பும் நோயாளிக்கு இச்சிகிச்சை சிகிச்சையைத் தொடர்வதற்கான ஒரு தூண்டுதலாக அமையலாம்.

இவற்றையும் பார்க்க

* போதைப்பொருள் சார்பு
* விலங்குத்துணைச் சிகிச்சை
* ஹிப்போதெரபி
* கெட்டிக்கார ஹான்ஸ்
* லிஸ் ஹார்ட்டெல்
* குதிரை